குறைமாசப் பாப்பா பால் குடிக்கக் கத்துக்குமா?

"டாக்டரம்மா, ஒரு சங்குப் பால் குடுக்க விடமாட்டேங்கிறாங்க. பச்சப்புள்ளையை இப்படிப் பட்டினி போட்டா எப்படிங்க பொழைக்கும்?"

ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெரியம்மாவின் கையில், வீட்டிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த வெள்ளிச் சங்கு. மருமகளுக்கு 31-வது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரன் 1,350 கிராம். பிறந்து ஐந்து நாளாகிறது. உடம்பெல்லாம் ஒயர், வாய் வழியாக ஒரு மெல்லிய டியூப். பாட்டியின் கண்ணுக்கு அது பட்டினியாகத் தெரிகிறது. உண்மையில் அந்த டியூப் வழியாகத்தான் அவருடைய மருமகளின் பால் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறது.

"பசியெடுத்தா தானா குடிக்காதாங்க?" என்று அடுத்த கேள்வி.

நிறைமாதக் குழந்தையாக இருந்தால் குடிக்கும். குறைமாதக் குழந்தைக்குப் பசி இருந்தாலும் குடிக்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். நடக்கக் கற்பது போல, பேசக் கற்பது போல இதுவும் ஒரு பாடம். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அலட்சியமாக இருந்தால் எடை ஏறாது. இரண்டுக்கும் நடுவே நிதானமாக எப்படிக் கற்றுக்கொடுப்பது? அதைத்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

யார் குறைமாதக் குழந்தை?

கர்ப்பத்தின் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிட்டால் குறைமாதம். உலகத்தில் பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள். ஆகவே, 'நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று யாரும் நொந்துகொள்ள வேண்டாம். தாய் மாடி ஏறியதாலோ, பஸ்ஸில் போனதாலோ, எதையோ சாப்பிட்டதாலோ இது வந்தது என்று பழி போடவும் வேண்டாம். மனசு நொந்த தாய்க்குப் பால் சுரப்பும் தடைபடும்.

இன்னொரு விஷயம். 'ஏழாம் மாசக் குழந்தை தங்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது' என்று நம் பக்கம் இன்னமும் சொல்கிறார்கள். இது சுத்தத் தப்பு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருப்பதும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதக் குழந்தை, ஏழாம் மாதக் குழந்தையைவிட எல்லா விதத்திலும் பலசாலி.

ஒரே நேரத்தில் மூன்று வேலை

பால் குடிப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. குழந்தைக்கு அதில் மூன்று வேலை இருக்கிறது. சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். மூச்சுக்கும் பாலுக்கும் தொண்டையில் ஒரே பாதைதான். விழுங்குகிற அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்க வேண்டும், விழுங்கியதும் மறுபடி ஓட வேண்டும். இந்தத் தாளம் தவறினால் புரையேறும், குழந்தை நீலம் பாரிக்கும்.

சப்புகிற அசைவு 28 வாரம் வாக்கிலேயே தெரிய ஆரம்பிக்கும். ஆனால் அதில் ஒழுங்கு இருக்காது. மூன்று வேலையும் ஒன்றோடொன்று சேருவது பெரும்பாலும் 34-வது வாரத்தை ஒட்டித்தான். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் படிக்கட்டு இது:

* 28 வாரத்துக்கு முன்: பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகச் சத்து. கூடவே டியூபில் துளித்துளியாகத் தாய்ப்பால்.
* 28 முதல் 31 வாரம்: வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் டியூபில் தாய்ப்பால்.
* 32 முதல் 34 வாரம்: பாலாடை, அதாவது சங்கு. அல்லது ஸ்பூன்.
* 34 வாரத்துக்குப் பின்: நேரடியாகத் தாயின் மார்பில்.

இது ரயில்வே டைம்டேபிள் அல்ல. சில குழந்தைகள் முந்தும், சில பிந்தும். மூச்சுத்திணறலோ, கிருமித்தொற்றோ வந்த குழந்தை ஒரு படி இறங்கிவிட்டுக்கூட ஏறும். பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

முதல் பாடம் அம்மாவுக்கு!

குழந்தை டியூபில் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன வேலை? ரொம்பப் பெரிய வேலை இருக்கிறது. பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுப்பது!

பிரசவமான முதல் மணி நேரத்துக்குள்ளோ, முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள்ளோ ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை. ராத்திரியிலும் ஒரு தடவையாவது கட்டாயம். குழந்தை சப்பாத மார்பில், கைதான் குழந்தையின் வாய்க்குப் பதில். எடுக்க எடுக்கத்தான் ஊறும். 'குழந்தை குடிக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருந்துவிட்டால், குழந்தை தயாராகும்போது பால் வற்றியிருக்கும்.

எப்படி எடுப்பது? கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியை மார்பின் மேல் சில நிமிஷம் வையுங்கள். கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரல் மேலேயும், மற்ற விரல்கள் கீழேயும் இருக்கட்டும். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. தோலைத் தேய்க்கவும் கூடாது. விரல்களைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது, முப்பது நிமிஷம் ஆகும்.

முதல் நாளில் சில சொட்டுதான் வரும். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். அதுதான் சீம்பால். "இவ்வளவுதானா?" என்று கொட்டிவிடாதீர்கள். 1,350 கிராம் குழந்தைக்கு அந்தச் சொட்டுதான் முதல் தடுப்பூசி மாதிரி. நர்ஸின் மேற்பார்வையில் அதைக் குழந்தையின் கன்னத்தின் உள்பக்கம் லேசாகத் தடவுவதும் உண்டு. குழந்தை ருசி பார்க்கும் முதல் பாடம் அதுதான்.

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் ஏன் இவ்வளவு முக்கியம்? இந்தக் குழந்தைகளின் குடல் பிஞ்சுக் குடல். வேறு பால் கொடுத்தால் குடல் அழுகல் நோய் வரும் ஆபத்து கூடுகிறது. டெல்லியில் பணியாற்றிய டாக்டர் இந்திரா நாராயணன் குழுவினர், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை ஓரளவு சேர்த்துக் கொடுத்தாலே எடை குறைந்த குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று குறைகிறது என்று 1980-லேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள்.

நம்ம ஊர் வெயிலும் தாய்ப்பாலும்

வீட்டிலிருந்து பால் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சாதாரணமாக, எடுத்த தாய்ப்பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும். ஆனால் அது 25 டிகிரி வாக்கில் இருக்கிற அறைக்கான கணக்கு. சித்திரை, வைகாசியில் சேலம், நாமக்கல் வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். எடுத்த உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வைத்துவிடுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். நாமக்கல்லிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனாலும் மத்தியான நேரத்துப் பஸ் ஒரு அடுப்புதான்! பாட்டிலின் மேல் குழந்தையின் தாய் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

பாலைக் காய்ச்சக் கூடாது. மைக்ரோவேவ் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றினால் போதும். ஒரு தடவை சூடாக்கி மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

தாய்க்கு உடம்பு சரியில்லை, பால் இன்னும் ஊறவில்லை என்றால்? அடுத்த வழி, தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய தாய்ப்பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டபோது, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாலை அப்படியே வாங்கிக் கொடுப்பது வேறு, வங்கிப் பால் வேறு. வங்கியில் தானம் தருபவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலைக் கிருமி நீக்கித்தான் கொடுப்பார்கள்.

டியூபில் இருக்கும்போதே பள்ளிக்கூடம் ஆரம்பம்

டியூப் இருக்கிற நாட்களில் வாய்க்கு வேலையே கொடுக்காவிட்டால், குழந்தை வாய் என்பது எதற்கு என்பதையே மறந்துவிடும். அதற்கு இரண்டு அருமையான வழிகள்.

முதல் வழி, கங்காரு பராமரிப்பு. 1978-ல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்கும் நிலை. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, தாயின் மார்பையே இன்குபேட்டராக்கினார். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், இடுப்பில் துணி மட்டும். தாயின் இரு மார்புகளுக்கு நடுவே, தோலோடு தோல் படும்படி, தவளை மாதிரிக் கால்களை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி நிமிர்ந்தவாறு வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். ஏழை நாட்டின் கட்டாயத்தில் பிறந்த இந்த முறையைத்தான் பணக்கார நாடுகளும் பின்பற்றுகின்றன. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இதை ஆரம்பித்தபோது, முதல் 28 நாட்களில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், தினம் 8 முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேரம் செய்யச் சொல்லிவிட்டது.

இதற்கும் பால் குடிக்கக் கற்பதற்கும் என்ன சம்பந்தம்? மார்பின் வாசனை குழந்தைக்குப் பழகுகிறது. மூச்சும் நாடித்துடிப்பும் சீராகின்றன. தாய்க்குப் பாலும் நன்றாக ஊறுகிறது. அம்மா அசந்து போனால் அப்பா செய்யலாம், பாட்டியும் செய்யலாம். சட்டையைக் கழற்றிவிட்டு மகனை நெஞ்சில் வைத்துக்கொண்ட அப்பாக்கள் முதலில் கூச்சப்படுவார்கள். அப்புறம் இறக்கி வைக்கவே மனசு வராது!

இரண்டாவது வழி, காலி மார்பைச் சப்பவிடுவது. பாலை முழுக்க எடுத்துவிட்டு, குழந்தையை மார்பில் வைத்து, காம்பை நக்கவும் சப்பவும் விடுவது. பால் வராது, ஆகவே புரையேறும் பயம் குறைவு. அதே நேரத்தில் டியூபில் பால் போய்க்கொண்டிருந்தால், 'சப்பினால் வயிறு நிறைகிறது' என்று குழந்தை இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதையும் டாக்டர் இந்திரா நாராயணன் குழுவினர் ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். இப்படிச் சப்பிப் பழகிய குழந்தைகளிடம் பிற்பாடு தாய்ப்பால் குடிப்பது நன்றாகத் தொடர்ந்தது. செலவு ஒரு பைசாகூட இல்லை!

சில ஆஸ்பத்திரிகளில், பயிற்சி பெற்ற நர்ஸோ, தெரபிஸ்டோ சுத்தமான கையுறை போட்டுக்கொண்டு குழந்தையின் கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று வரிசையாக மெதுவாக வருடிவிடுவார்கள். ஐந்து நிமிஷப் பயிற்சி. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் நாமே விரலை விட்டுப் பார்க்க வேண்டாம். கற்றுக்கொடுத்தால் மட்டும், கற்றுக்கொடுத்தபடி செய்யுங்கள்.

இப்போது சங்கு வரலாம்!

நம் பாட்டிமார்கள் கையாண்ட சங்கை இன்றைய பச்சிளங்குழந்தை வார்டுகளில் எவர்சில்வர் பாலாடையாகப் பார்க்கலாம். பாலாடை, கப், பாட்டில் மூன்றையும் ஒப்பிட்டு 1999-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், குழந்தைகள் பாலாடையில்தான் குறைந்த நேரத்தில் அதிகமாகக் குடித்தன, அமைதியாகவும் இருந்தன.

ஆனால் பழைய முறையில் மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, தொண்டைக்குள் ஊற்றுவது இல்லை இது. அந்த முறை குழந்தையின் உயிரையே வாங்கிவிடும். சரியான முறை:

1. பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, 20 நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுங்கள். வெள்ளிச் சங்காக இருந்தாலும் இதே விதிதான். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால்.

2. குழந்தை முழித்திருக்க வேண்டும். தூங்கும்போதோ, வீறிட்டு அழும்போதோ கொடுக்கக் கூடாது.

3. கைகள் தட்டிவிடாதபடி துணியில் லேசாகச் சுற்றி, தலையும் முதுகும் நிமிர்ந்திருக்கும்படி சாய்வாக உட்காரவைத்த மாதிரிப் பிடியுங்கள். கழுத்து மடங்கவும் கூடாது, பின்னால் தொங்கவும் கூடாது.

4. பாலாடையில் பாதியளவு பால். மூக்கு போன்ற முனையைக் கீழ் உதட்டின் மேல், வாயின் ஓரத்தில் வையுங்கள்.

5. லேசாகச் சாயுங்கள். ஒரு சிறு மிடறு. குழந்தை விழுங்கியதும்தான் அடுத்தது. வேகத்தை நிர்ணயிப்பது குழந்தை, நீங்கள் அல்ல.

6. 20 நிமிஷம் ஆகியும் முடிக்கவில்லையா? நிறுத்திவிடுங்கள். மீதியை டியூபில் கொடுத்துக்கொள்ளலாம். குடிப்பதற்கே சக்தியைச் செலவழித்தால் எடை எங்கிருந்து ஏறும்?

7. முடிந்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவையுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? அது டாக்டர் தினமும் எடை பார்த்துச் சொல்லும் கணக்கு. ஒரு உதாரணம்: முழு அளவுக்கு வந்தபின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி என்று வைத்துக்கொண்டால், 1,350 கிராம் குழந்தைக்குச் சுமார் 200 மில்லி. இரண்டு மணிக்கு ஒரு தடவை, 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 17 மில்லி. ஒரு டேபிள் ஸ்பூனைவிடக் கொஞ்சம்தான் கூட! அந்தக் குழந்தையின் வயிறு அவ்வளவு சின்னது. 'இது எப்படிப் போதும்?' என்று திருட்டுத்தனமாக இன்னொரு சங்கு ஊற்றாதீர்கள்.

அம்மாவின் மார்புக்கு

குழந்தை தயார் என்பதை அதுவே சொல்லும். கண் முழித்துப் பார்க்கும். கையை வாய்க்குக் கொண்டுபோகும். நாக்கை நீட்டும். கன்னத்தில் ஏதாவது பட்டால் அந்தப் பக்கம் வாயைத் திறந்து தேடும். அழுகை கடைசி அடையாளம். அதுவரை காத்திருந்தால் குழந்தை களைத்துவிடும்.

எப்படிப் பிடிப்பது? சின்னக் குழந்தைக்கு வசதியானது கக்கத்துப் பிடி. வலது மார்பில் கொடுக்கும்போது, குழந்தையின் உடம்பை உங்கள் வலது கக்கத்துக்குக் கீழே தலையணை மேல் கிடத்தி, கால்கள் உங்கள் முதுகுப்பக்கம் போகும்படி வைத்து, வலது உள்ளங்கையால் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். குழந்தையின் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். தாடை நடுங்கி, காம்பு நழுவினால், மார்பைத் தாங்கும் கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குழந்தையின் இரு கன்னத்திலும் மெதுவாக வைத்து, தாடையை அந்த விரல்களின் இடுக்கில் தாங்கிக்கொள்ளுங்கள்.

பால் பீறிட்டு வருகிறதா? முதலில் கொஞ்சம் எடுத்துவிட்டு அப்புறம் வையுங்கள். குழந்தை இரண்டு, மூன்று முறை சப்பிவிட்டு நிறுத்தும். அது தூங்கவில்லை, மூச்சு வாங்குகிறது. அந்த நேரத்தில் கன்னத்தைத் தட்டுவது, காதைக் கிள்ளுவது, மார்பை ஆட்டுவது எதுவும் வேண்டாம். பொறுத்திருங்கள், மறுபடி ஆரம்பிக்கும்.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு வேளை மார்பில். மீதி பாலாடையில். பிறகு மெல்ல மெல்ல எண்ணிக்கையைக் கூட்டலாம்.

'போதும், நிறுத்து' என்று குழந்தை சொல்லும் பாஷையும் உண்டு. உதட்டோரம் பால் வழிதல், மூக்குத் துவாரம் விரிதல், விரல்களை விறைப்பாக விரித்தல், முதுகை வளைத்தல், விக்கல், நிறம் மாறுதல். இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி, நிமிர்த்திப் பிடித்து, ஓய்வு கொடுங்கள். வற்புறுத்திக் கொடுத்துப் பழக்கினால் குழந்தைக்கு வாயில் எது வைத்தாலும் பயம் வந்துவிடும். அதைப் போக்குவது பெரும்பாடு.

பால் போதுகிறதா?

பிறந்த எடையில் பத்து சதவீதமோ, சற்றுக் கூடவோ முதல் சில நாட்களில் குறையும். பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதன்பிறகு ஒரு கிலோவுக்குத் தினமும் 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்ல முன்னேற்றம். ஒரே தராசில், ஒரே நேரத்தில், துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

குறைமாதக் குழந்தை பசித்து அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். 'நல்ல புள்ள, தொந்தரவே இல்ல' என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு, மூன்று மணிக்கொரு தடவை எழுப்பிக் கொடுக்க வேண்டும், ராத்திரியிலும்.

1,500 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு சத்து மாவு கலக்க டாக்டர் சொல்லலாம். இரும்புச்சத்து, விட்டமின் 'டி' சொட்டு மருந்துகளும் எழுதித் தருவார். அளவு மாறாமல் கொடுங்கள்.

தாய்க்கும் சாப்பாடு வேண்டும். பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைப்பது, காய்கறியைத் தள்ளுவது கூடாது. பருப்பு, கீரை, பால், மீன், முட்டை எல்லாம் சாப்பிடலாம். நாட்டுக்கே முட்டை அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, பிள்ளை பெற்றவளுக்கு முட்டையை மறுப்பது என்ன நியாயம்?

வீட்டுக்குப் போனதும்... இதெல்லாம் வேண்டாமே!

* சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர்: எதுவும் வேண்டாம். தேனில் இருக்கும் கிருமி பச்சிளங்குழந்தையின் நரம்பையே முடக்கிவிடக் கூடியது.
* குளிப்பாட்டும்போது வாயிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது, விரலை விட்டுச் சளி எடுப்பது கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.
* பால் குடிக்கவில்லை என்றால் தொக்கம் எடுப்பது, உரம் விழுந்தது என்று குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவது: இரண்டுமே ஆபத்து. பால் குடிக்க மறுப்பதுதான் குறைமாதக் குழந்தைக்குக் கிருமித்தொற்றின் முதல் அடையாளம். வைத்தியரைத் தேடிச் சுற்றுகிற அந்த அரை நாள் குழந்தையின் ஆயுளாக இருக்கலாம்.
* பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தூக்க வேண்டாம். தூக்குகிறவர்கள் கை கழுவட்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

முந்தின நாள் நன்றாகக் குடித்த குழந்தை திடீரென்று குடிக்க மறுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், உடம்பு சில்லிட்டால் அல்லது சுட்டால், மூச்சு நின்று நின்று வந்தால், நெஞ்சு குழிவிழுந்தால், நீலம் பாரித்தால், வலிப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் குழந்தையைக் கங்காரு மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு இலவச சிகிச்சைத் திட்டம் உண்டு. 2011-ல் பிறந்து 30 நாள் வரை என்று தொடங்கி, 2014-ல் ஒரு வயது வரை நீட்டித்தார்கள்.

இன்னொன்று மறக்கக்கூடாது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்ற சந்தோஷத்தில் இதைத் தவறவிட்டால் பார்வையே போகலாம்.

அம்மாக்களின் சந்தேகங்கள்

'பாட்டிலில் கொடுத்தால் சீக்கிரம் பழகிக்குமே?'

பாட்டிலில் பால் தானாக ஒழுகும். வாய்க்குள் வேகமாக வருவதால் மூச்சு தடுமாறும். அந்தச் சப்பலுக்குப் பழகினால் மார்பில் சப்ப மறுக்கும். கழுவிச் சுத்தமாக்குவதும் கஷ்டம். பால் பாட்டிலுக்கும் டப்பாப் பாலுக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-ல் சட்டம் போட்டு, 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கியது சும்மா இல்லை.

'எனக்குப் பாலே இல்லை. என்ன செய்ய?'

முதல் வாரத்தில் பல தாய்மார்கள் சொல்வது இது. தினம் எத்தனை தடவை எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு, ஐந்துதான் என்றால் எட்டாக்குங்கள். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே எடுங்கள். கங்காரு முறையில் வைத்திருந்து முடித்த கையோடு எடுத்தால் நன்றாக வரும். அதற்கும் மேல் குறைவென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

'இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் போதுமா?'

பெரும்பாலும் போதும். தேவைக்குத் தகுந்தபடிதான் சுரக்கும். ஒருவனுக்கு மார்பில் பழக்கும்போது இன்னொருவனுக்கு அப்பா பாலாடையில் கொடுக்கலாம். அடுத்த வேளை மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

'ஆறு மாசத்தில் சாதம் ஊட்டலாமா?'

குறைமாதக் குழந்தையின் வயதை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால், பிறந்து ஆறு மாதத்தில் அதன் வளர்ச்சி வயது நான்கு மாதம்தான். தலை நிற்கிறதா, உட்காரவைத்தால் தாங்குகிறதா என்று பார்த்து டாக்டர் தேதி சொல்வார். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்குதான்.

அந்த வெள்ளிச் சங்கு...

ராசிபுரத்துப் பாட்டியை விட்டுவிட்டோமே! அன்றைக்கு அவர் அரைமனசாகத்தான் சங்கைப் பைக்குள் வைத்தார். மருமகள் இரண்டரை மணிக்கொரு தடவை பால் எடுத்தாள். ராத்திரி அவள் அசந்தபோது பேரனை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது பாட்டிதான். 33-வது வாரத்தில் முதல் பாலாடை. பாதிதான் குடித்தான். மறுநாள் முக்கால். 34 தாண்டியதும் அம்மாவின் மார்பில் மூன்று சப்பு, ஒரு ஓய்வு, மறுபடி மூன்று சப்பு. 1,350 கிராமாகப் பிறந்து, நடுவில் 1,230-க்கு இறங்கியவன், ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போகும்போது 1,800 கிராம். டியூப் இல்லை.

கிளம்புகிற நாளில், பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணின் மாமியார், "குழந்தைக்கு வாயில ஒண்ணும் குடுக்க விடலையே" என்று அழுதுகொண்டிருந்தார். நம் பாட்டி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னார்:

"அழுவாதீங்க. அதுக்கு இன்னும் குடிக்கத் தெரியலைங்க. நாமதான் பொறுமையா இருந்து கத்துக் குடுக்கணும். முதல்ல உம்பட மருமகளைப் பால் எடுக்கச் சொல்லுங்க."

இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லிவிட முடியாது!